முன் இடது சக்கரத்தில் வைத்த பொட்டு

நாள் 212, 06:40
டாக்டர் பேச்சியம்மாள், மண் ஆய்வாளர், செவ்வாய் இரண்டாம் கூடாரம். வயது ஐம்பத்தொன்று. விண்ணிலிருந்து இறங்கிய மருந்துப் பெட்டியை எடுத்துவிட்டேன். சேதமில்லை. கூடாரத்துக்கு 34 கிலோமீட்டர். வண்டியில் இருபது மணி நேரக் காற்று இருக்கிறது. கூடாரத்தில் எங்கள் மெக்கானிக் ராயப்பன் நுரையீரல் காய்ச்சலில் தனியாகக் கிடக்கிறான். இன்று மாலைக்குள் ஊசி போட்டாக வேண்டும்.

07:25
முன் இடது சக்கரம் இறுகிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க எண்ணெய் வடிந்து புழுதி அப்பியிருக்கிறது. என்ன உடைந்தது என்று தெரியவில்லை. சைக்கிளுக்குக்கூட நான் செயின் மாட்டியதில்லை.

07:50
கட்டுப்பாட்டு அறை: "வண்டியைத் தொடாதீர்கள். அசையாமல் படுத்திருங்கள். பக்கத்து முகாம் வண்டி பதினெட்டு மணி நேரத்தில் உங்களை அடையும்."
ராயப்பன் என்ன ஆவான் என்று கேட்டேன்.
"வருந்துகிறோம்."
வருந்திக்கொண்டிருங்கள். நான் ஸ்பேனரை எடுக்கிறேன்.

09:10
தப்பான போல்ட்டைக் கழற்றினேன். அது பிரேக்காம். திரும்ப மாட்ட நாற்பது நிமிடம் போயிற்று. இந்த வண்டியில் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அறைக்காற்று வெளியே போகிறது. இதுவரை நான்கு முறை திறந்துவிட்டேன்.

09:40
ராயப்பன் ரேடியோவில் வந்தான். இருமலுக்கு நடுவே பேசினான்.
"டாக்டரம்மா, வட்டமா கருப்பா ரப்பர் வளையம் தெரியுதா? அதான் ஆயில் சீல். கிழிஞ்சிருக்கா?"
கிழியவில்லை, வெளியே பிதுங்கி நிற்கிறது என்றேன்.
"அப்ப உள்ள மூச்சு முட்டியிருக்கு. கியர் சூடாச்சுன்னா உள்ள இருக்க காத்து வெளிய போவணும்லா? மேல குட்டியா ஒரு மூச்சுத்துளை இருக்கும். பாருங்க."

10:05
பார்த்தேன். துளை அடைத்திருந்தது. கல்லாய்க் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம்.

போன வாரம் ஆயுத பூசை. பொட்டு வைத்தவள் நான். ஆறு சக்கரத்துக்கும் வைத்தேன். மற்ற ஐந்தில் நடுவில் வைத்தேன். இதில் மட்டும் அந்தக் குழி நெற்றி மாதிரி வாகாக இருந்தது. கிறிஸ்தவ வேதக்காரனான ராயப்பன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. வெட்கமாக இருக்கிறது. அழுதால் காற்று வீணாகும் என்பதால் அழவில்லை.

12:20
மண் மாதிரி எடுக்கும் ஊசியால் துளையைக் குத்தி எடுத்தேன். சீலைத் தட்டி உட்கார வைத்தேன். வடம் இழுக்கும் வின்ச்சின் கியர் பெட்டியிலிருந்து எண்ணெயை மாற்றி ஊற்றினேன். ஆயில் சீல், மூச்சுத்துளை, வடிகால் போல்ட். மூன்றையும் இனிக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். கதவை ஒன்பது முறை திறந்தாயிற்று.
சக்கரம் சுற்றுகிறது.

12:35
கட்டுப்பாட்டு அறை: "காற்று 15:50 வரை மட்டுமே. இந்த வேகத்தில் 16:30-க்குத்தான் போய்ச் சேர்வீர்கள். நின்றால் விண்ணிலிருந்து அவசரக் காற்றுப் பொட்டலத்தை இறக்க முயல்வோம். உத்தரவை மீறுகிறீர்கள்."
ஆமாம், மீறுகிறேன். பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

15:10
ராயப்பன் பேசவில்லை. ரேடியோவில் மூச்சிரைப்பு மட்டும் கேட்கிறது. இப்போதைக்கு அது போதும். வண்டியைத் தானியங்கியில் போட்டுவிட்டேன். பெட்டியைக் கதவோரம் கட்டியிருக்கிறேன். விரல் மரத்துப்போகிறது.

16:04
கட்டுப்பாட்டு அறைக்கு. மணி பாருங்கள். இன்னும் எழுதுகிறேன்.

கூடார விளக்கு தெரிகிறது. இரண்டாகத் தெரிகிறது

16:11
ராயப்பா. வண்டி வாசலுக்கு வந்துவிடும். நான் இறங்காவிட்டால் முதலில் ஊசி போட்டுக்கொள். அப்புறம் என்னைப் பார். முறை மாற்றாதே

சீல் கசியவில்லை. நான் மாட்டியது

அடுத்த பூசைக்குப் பொட்டை முன்கண்ணாடியில் வை. துளைப் பக்கம் போகாதே. பழம் மட்டும் மறக்