நடுப்பக்கம் வரைக்கும்

ஆஸ்டின் டவுன்,
புதன்கிழமை மாலை.

அன்பு மகன் டேரிலுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அந்தக் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா என்பதுதான் தினமும் எங்கள் பேச்சு. போனில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை, அதனால் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். உன் ஆண்ட்ரூ பெரியப்பாவுக்கு நாளைக் காலை ஏழு மணிக்கு இருதய ஆபரேஷன். மூன்று இடத்தில் அடைப்பு. இந்த வாரத்தைத் தாண்டினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியும், நான்கு நாளாகச் சம்மதப் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதமாகப் படுத்திருந்தார். இன்று மதியம்தான் போட்டார். அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அதில் உனக்கும் பங்கு இருக்கிறது.

நீ இங்கிலாந்திலிருந்து எனக்கும் அவருக்கும் தனித்தனியாக ஒரு புத்தகம் அனுப்பினாயே, மறுபடி அச்சடித்த அந்தப் பழைய போர் காமிக்ஸ், அவருக்கு எதற்கு என்று உன் மேல் அன்று கோபப்பட்டேன், மன்னித்துக்கொள். சின்ன வயதில் அவென்யூ ரோடு பிளாட்பாரத்தில் அந்தக் கையடக்கப் புத்தகங்களைப் பழையதாக வாங்குவோம். வீட்டுக்கு வருவதற்குள் யார் முதலில் படிப்பது என்று அடிதடி. கடைசியில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார், நடுவில் இருக்கும் பின்னைக் கழற்றிப் புத்தகத்தை இரண்டாகப் பிரிப்பது. முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு, படித்துவிட்டு மாற்றிக்கொள்வோம். அதனால் எந்தச் சண்டையில் யார் சாவான் என்று முதலில் எனக்குத்தான் தெரியும், எதற்காகச் சண்டை என்றுதான் தெரியாது. மாமரத்தடியில் ஹேண்டே ஹோக், கையைத் தூக்கு என்று அதில் வரும் ஜெர்மன்காரன் மாதிரி கத்திக்கொண்டு ஓடுவோம், பக்கத்து வீட்டு லட்சுமம்மா விளக்குமாற்றோடு வருவார். பதினோரு வருடத்துக்கு முன்னால் வீட்டைப் பாகம் பிரித்தபோது அந்தப் புத்தகங்கள் இருந்த பெட்டியையும் பிரித்தோம். அறுபது வயதை நெருங்கிய இரண்டு ஆண்பிள்ளைகள், கோபத்தில், அவர் முன்பாதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டார், நான் பின்பாதிகளை. ஒரு கதைகூட யாரிடமும் முழுசாக இல்லை. அன்றைக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், தம்பி பங்கைத் தின்கிறவன் என்று நான் அவரைச் சொல்லிவிட்டேன். ஊருக்கு வெளியே ஆனேக்கல்லுக்குக் குடிபோனவர்தான், பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை.

நேற்று பெரியம்மா போன் பண்ணி, யாருக்காக நான் பொழைக்கணும்னு கேக்குறாரு, நீங்க ஒரு தடவ வாங்க ஹெர்பர்ட் என்று அழுதார்கள். இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார் டேரில், கையெல்லாம் ஊசி குத்தின நீலம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தலையணை ஓரத்தில் நீ அனுப்பின புத்தகம் கிடந்தது, நடுப்பக்கத்தில் மாத்திரை அட்டை ஒன்றைச் செருகி வைத்திருந்தார். வாயில் வேறு எதுவும் வராமல், முழுசும் படிச்சிட்டீங்களா அண்ணே என்று கேட்டேன். திரும்பாமலேயே, நடுப்பக்கம் வரைக்கும் படிச்சேன் என்றார். ஏன் என்றேன். பின்பாதி உன் பங்குடா, அத நான் எதுக்குத் தொடணும் என்றார். அது வந்து மூன்று மாதமாயிற்று, முழுப் புத்தகம் கையில் இருந்தும் பாதியோடு மூடி வைத்திருக்கிறார். நான் சொன்ன ஒரு சொல்லை இத்தனை வருடம் நெஞ்சில் சுமந்திருக்கிறார், அந்த நெஞ்சைத்தான் நாளைக்குப் பிளக்கப் போகிறார்கள். காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். தப்பு பண்ணிட்டேன் அண்ணே என்றேன். நர்ஸ் வந்து பேஷண்ட் முன்னால் அழக்கூடாது என்று கன்னடத்தில் அதட்டினாள். பெரியப்பா மெதுவாகத் திரும்பி, அந்தப் பேப்பரக் கொண்டா என்றார்.

சர்க்கரை இருக்கிறது, வயது எழுபது, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். முன்பே வந்திருக்கலாமே என்றும் சொன்னார். அண்ணன் நாள் கடத்தினது என்னால்தான். விடியற்காலையில் நானும் அம்மாவும் அங்கே போய்விடுவோம். நீ போனை அணைத்து வைக்காதே, மறக்காமல் பெரியம்மாவிடம் பேசு. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பதினோரு வருடமாக நம் குடும்ப ஜெபத்தில் எல்லார் பெயரையும் சொல்லி அவர் பெயரை மட்டும் விட்டுவிடுவேன், நீ சின்னப் பையனாக இருக்கும்போது ஒரு தடவை அதை எடுத்துச் சொன்னதற்கு உன்னை அதட்டியிருக்கிறேன். இன்றைக்குச் சொன்னேன். ஆண்ட்ரூ என்று சொல்லிவிட்டு அதற்குமேல் ஜெபிக்க வரவில்லை, அம்மாதான் முடித்தாள். பயமாக இருக்கிறது டேரில். நீயும் அவர் பெயரைச் சொல்லி ஜெபி.

உன் அப்பா,
ஹெர்பர்ட்