‘போறன்’ என்று சொல்லிப் போனவள்

இன்று காலை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது மனத்துயரோடு வருவோரிடம் நாம் வாங்கும் ஒப்புதல் படிவம் ஒன்று, உமது கையெழுத்தோடு அகப்பட்டது. ‘உயிருக்கு ஆபத்தென்றால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டி வரும். இதை முதலே சொல்லவும்’ என்று அடியில் எழுதியிருந்தீர். ‘முதலே’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு. எனக்காகப் போட்ட கோடுதான். இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஊர்காவற்றுறையில் நாம் இருவரும் உளவளத்துணை செய்த நாட்களில், சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று உம்மைப் பகிடி பண்ணியவள் நான். வருகிறவள் வாய் திறக்க முதலே இதெல்லாம் சொன்னால் அவள் எப்படிக் கதைப்பாள் என்று சண்டையும் பிடித்தேன். தீவில் ஒருத்தி எங்கள் படியேறினாலே ஊருக்குச் செய்தி போய்விடும். அதனால்தான் துணை தேடி வந்த அந்தப் பெண்ணிடம், “ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், சத்தியம்” என்றேன். அவள் ஊரை இங்கேயும் எழுதமாட்டேன். உமக்குத் தெரியும்.

அன்று, உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, “சரி அக்கா, போறன்” என்றாள். ‘போட்டு வாறன்’ என்றுதானே நாங்கள் சொல்வோம்? செத்த வீட்டில் மட்டும்தான் ‘வாறன்’ என்று சொல்வதில்லை. எனக்கு அது உறைக்க முதல் அவள் ஏறிய பஸ் எடுத்துவிட்டது.

அவள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. “சத்தியம் பண்ணிப்போட்டன், சொல்ல ஏலாது” என்று உம்மிடம் ஓடிவந்தேன்.

“ஏலாத சத்தியத்தை ஏன் பண்ணினனீர்? தாய்க்குக் கோல் எடும். ஆபத்து எண்டதை மட்டும் சொல்லும். காரணம் அவவின்ரை, நாங்கள் சொல்லக்கூடாது.”

“பிள்ளையின்ரை உயிருக்கு ஆபத்து, தனிய விடாதேங்கோ, அம்மா” என்றேன். தாய் மூன்று தரம் “ஏன் பிள்ளை, என்ன நடந்தது?” என்று கேட்டார். மூன்று தரமும் நீர் என் கையைப் பிடித்தபடி தலையாட்டி மறுத்தீர். தாய் திரும்ப எடுக்கும்வரை நாங்கள் இருவரும் கதிரையில் இருக்கவில்லை. “பஸ்ஸாலை இறங்கிட்டாள். ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாறம்” என்றார்.

மறுகிழமை அவள் வந்தாள். “நீங்களும் எல்லாரையும் போலத்தான்” என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். நான் அழுதேன். “அவவின்ரை கோவம் நியாயம்” என்றீர். தேற்றக்கூட இல்லை. அன்று உம்மில் எனக்குப் பொல்லாத கோபம்.

நீர் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் சாட்டிக் கடற்கரையில் அவளைக் கண்டேன். கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். உம்மிடம் ஓடிவந்து சொல்லவேண்டும் போல் இருந்தது. அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறாமலே கிழவியாகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.