அறுபத்திரண்டாம் நம்பர் சட்டை

என் செல்வி அக்காவுக்கு,

பூரி சுடும்போது உப்பி வந்த முதல் பூரியை எப்போதும் என் தட்டில் போட்டவளுக்கு, உன் தங்கை எழுதுகிறேன். நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. எழுதினால் அழுதுவிடுவேன் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

அவன் படம் எடுத்திருக்கிறான் அக்கா.

எவன் என்று நீ கேட்கமாட்டாய். உன் வீட்டுக்காரரை, மாமாவை, நீ 'அவர்' என்றுதான் சொல்வாய். உன் வாயில் 'அவன்' என்றால் அது ஒருத்தன்தான்.

படத்தின் பெயரை எழுதமாட்டேன். ஓசியில் விளம்பரம் எதற்கு? மலைமேல் ஒரு விடுதிப் பள்ளி. பத்தாவது படிக்கிற ஒரு பையன், ஒரு பெண். சலவைக்குப் போகும் துணிகளுக்குள் ஒளிந்து போய்வரும் காதல் கடிதங்கள். முதல் காதல் என்று ஊரே உருகுகிறது. இதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? உன் மகள்.

பிரியா காலேஜ் தோழிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். "சித்தி, ஏக்தம் மஸ்த் படம். கடைசில எனக்கு ரோனாவே வந்துருச்சு, அழுதுட்டேன். அந்தப் பையன் இருக்கான் பாருங்க, எல்லார் முன்னாடியும் வந்து நிக்கிறான். அப்படி ஒரு பையன் கிடைச்சா போதும் சித்தி." போனில் ஸ்டேட்டஸாக அந்தப் பையன் மராத்தியில் பேசும் வசனத்தையே வைத்திருந்தாள். 'ஷர்ட் மாஜா ஆஹே, சர்.' சட்டை என்னுடையது, சார்.

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. "என்ன சட்டைடி?" என்றேன். "நம்பர் போட்ட சட்டை சித்தி. காலர் உள்ளாற சிவப்பு நூல்ல சிக்ஸ்டி டூ" என்றாள்.

நம்பரைக்கூட அவன் மாற்றவில்லை அக்கா.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா ஊரைவிட்டு மராத்திச் சீமைக்கு வந்து, கட்கியில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். பக்கத்துப் போபோடியில் வீடு, ஒரு அறை, சமையலறை. அந்த வீட்டிலிருந்து அக்கா மலைமேல் உள்ள பெரிய பள்ளிக்கு இலவச இடம் வாங்கிப் போனாள். எனக்கும் மறு வருஷம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே விடுதிப் பிள்ளைகளின் ஒவ்வொரு துணியிலும் சிவப்பு நூலால் நம்பர் தைத்திருக்க வேண்டும். பையன்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் சலவை ஓரிடத்தில்தான். நம்பர் இல்லாவிட்டால் யார் துணி யாருடையது என்று தெரியாது.

அந்தச் சலவை அறைதான் உங்கள் தபாலாபீஸ். துவைத்து அடுக்கிய உன் துணிகளுக்குள் அவன் சட்டை ஒன்றை வாராவாரம் தவறிப்போனது போலச் சொருகிவைப்பான், சட்டைப் பையில் கடிதம் இருக்கும். மறுவாரம் உன் பதிலோடு அதே வழியில் அது திரும்பிப் போகும். அந்த ஒரு சட்டையில் மட்டும் நம்பரை அவன் முதல் வாரமே பிரித்து எடுத்துவிட்டான். உனக்கு ஆபத்து வரக்கூடாது என்று செய்ததாகச் சொன்னான். அவன் எழுதிய கடிதங்களைப் படித்ததும் கிழித்துவிடச் சொன்னான். நீ எழுதுவதில் அவன் பெயர் வரக்கூடாது என்றான். உன் பெயரை எழுதவேண்டாம் என்று மட்டும் அவன் ஒரு நாளும் சொல்லவில்லை. பாம்பும் சாகக்கூடாது, கம்பும் உடையக்கூடாது. பதினாறு வயதில் அவனுக்கு அது தெரிந்திருந்தது. உனக்குத் தெரியவில்லையே அக்கா?

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் உன் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சட்டை இருந்தது, அதன் மேல் நீ முடித்து வைத்திருந்த கடிதமும் இருந்தது. அடியில் உன் பெயர் அப்பா பெயரோடு முழுதாக இருந்தது.

காலைப் பிரார்த்தனையில் பையன்களை வரிசையாக நிற்க வைத்து, பிரின்சிபால் சட்டையைத் தூக்கிக் காட்டினாராம். இது யாருடையது, அவன் முன்னால் வந்தால் இரண்டு பேரும் பரீட்சை எழுதலாம், வராவிட்டால் இந்தப் பெண் மட்டும் இன்றே வீட்டுக்குப் போவாள் என்றாராம். மூன்று முறை கேட்டாராம். நீ அவர் பக்கத்தில் நின்றிருந்தாய். அவன் மூன்றாவது வரிசையில் நின்று ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பூண்டு உரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னபோதுகூட, "பாவம், பயந்துட்டான்" என்றாய். பயம் அவனுக்கு, வீட்டுக்கு பஸ் உனக்கு.

அன்று சாயங்காலம் அப்பா உன்னையும், கடிதமும் சட்டையும் கட்டிய ஒரு பார்சலையும் கூட்டி வந்தார். கடிதத்தை அடுப்பில் போட்டார். சட்டையையும் போடப் போனபோது அம்மா பிடுங்கிக்கொண்டாள். "நல்ல துணிங்க. சின்னவளுக்கு ஆவும். துணி இன்னா பாவம் பண்ணுச்சு?" அப்படித்தான் அந்தச் சட்டையை நான் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போனேன். மலைமேல் இருந்த பள்ளிக்கு அல்ல. எனக்கு வைத்திருந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பக்கத்துத் தெருப் பள்ளிக்கு.

ஒரு நாள் குழாயடியில் அதைத் துவைக்கும்போது, ஈரக் காலருக்குள் லேசான ரோஸ் நிறத்தில் 62 என்று தெரிந்தது. காய்ந்ததும் மறைந்துவிட்டது. மட்ட நூல், முதல் சலவையிலேயே சாயம் விட்டிருக்கிறது. நூலைப் பிரித்தவனுக்குச் சாயத்தைப் பிரிக்கத் தெரியவில்லை. "அக்கா, இது இன்னா நம்பர்?" என்று கத்தினேன். நீ ஓடி வந்து என்னை அறைந்தாய். வாழ்நாளில் நீ என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். அப்படியென்றால் பிரின்சிபால் முன்னால் நிற்கும்போதே அது உனக்குத் தெரியும். ஒரு கை தண்ணீர் போதும், உன் பரீட்சையும் என் இடமும் தப்பியிருக்கும். நீ வாயைத் திறக்கவில்லை.

அதற்கு உன்னிடம் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. நீ சாகண் தொழிற்பேட்டையில் வண்டிக்கு ஒயர் கட்டும் வேலைக்குப் போனாய், பத்தாவது முடிக்காதவள் என்று கடைசிவரை ஹெல்ப்பராகவே இருந்தாய். ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

பிரியாவே எனக்கும் டிக்கெட் எடுத்தாள். வாகட் மாலில் ஞாயிறு மத்தியானக் காட்சி, படம் முடிந்ததும் டைரக்டரே வந்து பேசுவார் என்றாள். பீரோவிலிருந்து சட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அம்மா பார்த்துவிட்டாள். "ஆறின கஞ்சி பழங்கஞ்சிடி. அவளே போய்ச் சேந்துட்டா, உனக்கு இன்னாத்துக்கு?" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

படம் நன்றாக இருக்கிறது அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நடிகைக்கு உன்னைப் போலவே இரண்டு புருவத்தையும் மையால் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். நீ மடிக்கிற மாதிரியே அவள் சட்டையின் கையை முதலில் உள்ளே மடித்து, அப்புறம் காலரைத் தடவுகிறாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் எதையும் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ.

கடைசியில் அந்தக் காட்சி. பிரின்சிபால் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். மூன்றாவது வரிசையிலிருந்து பையன் நிமிர்ந்து நடந்து வருகிறான். 'ஷர்ட் மாஜா ஆஹே, சர்.' தியேட்டரே விசில் அடித்தது. பிரியா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் அந்தச் சோற்றையே ஊருக்குப் பந்தி வைத்துவிட்டான்.

விளக்கு போட்டதும் அவன் மேடைக்கு வந்தான். தாடி, கண்ணாடி, கைத்தறிக் குர்த்தா. நான் கையைத் தூக்கினேன், மைக் வந்தது. எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன். கடைசிக் காட்சி உண்மையில் நடந்ததா?

அவன் சிரித்தான். "படத்தில் நான் கொஞ்சம்கூட மாற்றாத ஒரே காட்சி அதுதான்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

பையிலிருந்து சட்டையை எடுத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து காலரில் ஊற்றினேன். பிரியா, "சித்தி, என்ன பண்றீங்க, உக்காருங்க" என்று என் புடவையை இழுத்தாள். நான் மேடைக்குக் கீழே போய், காலரை விரித்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். பிரின்சிபால் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். "ஹா ஷர்ட் கோணாச்சா ஆஹே?" இந்தச் சட்டை யாருடையது?

அவன் பார்த்தான். ரோஸ் நிறத்தில் இரண்டு இலக்கமும் எழும்பி வந்ததை அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். முகம் வெளுத்தது. பிறகு மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், "தெரியவில்லை" என்றான். யாரோ ரசிகை என்று ஜனம் சிரித்தது. ஒரு பெண் வந்து பணிவாக என் மைக்கை வாங்கிக்கொண்டாள். தொண்டை கிழியக் கத்தியிருக்கலாம். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

பார்க்கிங்கில் ஸ்கூட்டரை எடுக்கும்போது அவன் தனியாக ஓடி வந்தான், மூச்சு வாங்கியது. "அவள் எங்கே இருக்கிறாள்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று இந்தியில் கேட்டான்.

"சட்டையே யாருடையது என்று தெரியாதென்றீர்களே. அவளை மட்டும் எப்படித் தெரியும்?" என்று நானும் இந்தியில் கேட்டேன்.

அப்போதுதான் பிரியா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "சித்தி, இவரு யாரைக் கேக்கறாரு?" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். மை போடாமலே சேர்ந்த புருவம், உன் புருவம். பக்கத்திலிருந்த கார் கதவைப் பிடித்துக்கொண்டான். நீ இல்லை என்று நான் சொல்லவில்லை அக்கா. சொன்னால் அழுவான், அழுததை அடுத்த படத்தில் வைப்பான். உன் சாவும் அவனுக்குக் கதையாக வேண்டாம். வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பாமல், தானே சட்டையைக் குழாயில் நனைத்துப் பார்த்தாள். காயும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அந்த ஸ்டேட்டஸ் போய்விட்டது. சாப்பிடும்போது கேட்டாள். "சித்தி, அம்மா அந்த ஆளைத் திட்டவே இல்லையா?" இல்லை என்றேன். "அப்ப யாராவது திட்டணும் இல்ல?" என்றாள்.

பெண்ணை இதில் இழுக்காதே என்று நீ சொல்வாய். நான் இழுக்கவில்லை அக்கா, அவளே கேட்டாள். அடுத்த ஞாயிறு சிஞ்ச்வட் தியேட்டரில் அவன் மறுபடி பேச வருகிறான். இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மூன்றாவது வரிசையில். நான் சட்டையை நனைத்துக் கொடுப்பேன், அதோடு என் வேலை முடிந்தது. மைக்கை உன் மகள் வாங்குவாள். அவள் மராத்தி என்னுடையதைவிடச் சுத்தமானது. இந்த முறை அவன் தெரியாது என்று சொல்வதென்றால், உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சட்டை என்னுடையது என்ற அந்த வசனம் அவன் வாயால் வரும்வரை, அவன் போகிற ஒவ்வொரு தியேட்டருக்கும் நாங்கள் போவோம். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

அவன் சட்டையை இரண்டு வருஷம் போட்டுத் திரிந்த
உன் தங்கச்சி,
மல்லி