மேரியக்காவின் சொந்தக் குரல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஸ்டுடியோவில் மேரியக்காவை அழவைத்துவிட்டோம். மாதா திருவிழாவுக்கான பாட்டை நேற்று அவர்தான் பாடினார். இன்று போட்டுக் கேட்டால் குரல் கீச்சென்று இருந்தது.

"இன்னாம்மா, சின்னப் புள்ள பாடுற மாதிரி இருக்குது. சென்னையில இருந்து வேற ஆளக் கூப்டுக்கலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"இதக் கேக்கவா செஞ்சிக்கு வந்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா அவலூர்பேட்டை பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பாட்டுக்கு முன்னால் அவர் என்னிடம் "தண்ணி குடும்மா" என்று கேட்டதும் பதிவாகியிருந்தது. அதுவும் கீச்சென்றே ஒலித்தது. அக்கா அப்படிப் பேசுகிறவரே இல்லை. பார்த்தால், ரெக்கார்டர் ஒரு நொடி ஒலியை 44,100 துண்டுகளாகப் பதிந்திருக்கிறது. கம்ப்யூட்டரோ அதை நொடிக்கு 48,000 என்று வேகமாக ஓட்டியிருக்கிறது. பதிவை 44,100 என்ற சரியான எண்ணைக் கொடுத்துத் திறந்து, அதன்பிறகு குரல் மாறாதபடி முறையாக 48,000-க்கு மாற்றினேன்.

பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. நிறுத்தத்துக்கு ஓடி, "அக்கா, ஒரு வாட்டி கேட்டுட்டுப் போங்க" என்று கூட்டிவந்தேன்.

அவருடைய கனத்த குரல் அறையை நிறைத்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நான்தான். இன்னொரு வாட்டி போடு" என்றார். மூன்று முறை போட்டேன்.

"வேற ஆளு வேணாம். எப்டிம்மா கண்டுபுட்ச?" என்றார் முதலாளி.

"அவங்க பேச்சு எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் தப்பாக வைத்ததும் நான்தான். நாளை சொல்லிவிட வேண்டும். இன்று மட்டும் இந்தப் பெருமையோடு தூங்கிக்கொள்கிறேன்.