உன் பேட்ஜ் என்னிடம் இருந்த நாட்கள்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூக்கம்தான் முன்னே பின்னே. நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்பதை நீயே உன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும், அடுத்தவள் சொல்லி நான் தெரிந்துகொள்ளக் கூடாது, அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது. போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். நான் படித்தது அஞ்சாங்கிளாஸ், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, ஊரில் இருக்கிற தண்ணீர் மீட்டரையெல்லாம் பழுது பார்த்த மனுஷனுடைய வீட்டுக் குழாய். ஆளைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அப்பாவின் சாமான் பை கதவுக்குப் பின்னால் தொங்கும்போது வேறு ஒருத்தன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே வருவதை என்னால் பார்க்க முடியாது, அதனால் வாளியை வைத்திருக்கிறேன். அவர் போன பிறகு ஆபீசில் இருந்து வந்து அவர் அடையாள அட்டையைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். யூனிபார்ம் சட்டையையும் கேட்டார்கள், துவைக்கப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அது பீரோவில்தான் இருக்கிறது. சலவைக் கடைக்குத் திரும்பப் போகிறேன், முதலாளி என்னை இஸ்திரி மேஜையில் இருந்து எடுத்து மடிக்கிற மேஜையில் உட்கார வைத்துவிட்டார், ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், இப்போதே பயப்படாதே. மேல்வீட்டுத் தையல்காரி உன்னை விசாரித்தாள். அவள் வாயைத்தான் உனக்குத் தெரியுமே, உம்பொண்ணு அணு உலையிலருந்து வீட்டுக்கு வந்தா கரண்ட் பில்லு மிச்சம்டி, அவளே வெளிச்சம் குடுப்பா என்றாள். முன்பெல்லாம் அப்பா அவளுக்குச் சுடச்சுடப் பதில் சொல்வார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் பெரியம்மா எனக்குப் போன் செய்தாள். பெரியம்மா என்று நான் வைத்த பெயர் இல்லை, அவளே அப்படித்தான் ஆரம்பித்தாள், உங்க பொண்ணோட சூப்பர்வைசர் பேசறேங்க, இங்க எல்லாரும் என்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடுவாங்க என்று. எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. பிறகு உனக்கு மட்டும் எங்கிருந்து பெரியம்மா முளைத்தாள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நல்ல குரல் அவளுக்கு, அதிகாரம் பண்ணாமலே அடுத்தவரைக் கேட்க வைக்கிற குரல். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நீ அப்பாவுக்குச் சொன்னதை அப்பா எனக்குச் சொல்லி அவளைப் பற்றி முன்பே தெரியும். அணு உலையை நிறுத்திப் பழுது பார்க்கும்போது மற்ற ஆட்கள் உள்ளே போகும் முன்னால் நீங்கள் இரண்டு பேரும்தான் மீட்டரோடு போய் எங்கே எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று அளந்து, இங்கே நிற்கலாம், இங்கே நிற்கக் கூடாது என்று கயிறு கட்டுவீர்கள், ஒரு உலையில் வேலை முடிந்தால் அடுத்த உலை இருக்கும் ஊருக்கு இரண்டு பேரும் ஒன்றாக மூட்டை கட்டுவீர்கள். வெளியே வரும் இடத்தில் நீ கையை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டுமாம், அவள் உன் மணிக்கட்டில் சுற்றிய டேப்பைப் பிரித்து, அந்தப் பாதுகாப்பு மேலுடையைத் தோளில் இருந்து உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி சுருட்டிச் சுருட்டிக் காலடி வரை இறக்குவாளாம், வெளிப்பக்கம் உன் மேல் பட்டுவிடக் கூடாது என்று. அப்பா இதைச் சொன்ன அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலிலேயே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாயே, அம்மா கழட்டு என்று. பன்னிரண்டு வயசில் நானே கழட்டிக்குவேன் போ என்று கதவைச் சாத்தினாய். அதற்குப் பிறகு உனக்குச் சட்டை கழற்றிவிடுகிற ஆள் அவள்தான். அப்பாவிடம் சொன்னதற்கு, அது வேலைடி, பாதுகாப்புக்காகப் பண்றது, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்குவியா என்றார். அவருக்கு என்ன, நீ தினமும் பேசியது அவரோடு.

அதையும் சொல்லிவிடுகிறேன், இறந்தவர் மேல் பொறாமைப்படலாமா என்று நினைக்காதே, எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் பொறாமைப்பட. நீ மணிக்கணக்காக அவரோடு பேசுவாய், கடைசியில் அம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்பாய், அவர் உம் என்பார், அவ்வளவுதான் என் பங்கு. பிறகு அவர் நீ சொன்னதை எனக்குப் புரிய வைக்கப் பார்ப்பார். ஒருநாள் மேஜை விளக்கை ஏற்றிவைத்து, இதுதான் கதிர்வீச்சுன்னு வச்சுக்கோ, தப்பிக்க மூணே வழி, கொஞ்ச நேரம்தான் நிக்கணும், தள்ளி நிக்கணும், நடுவுல கனமா எதையாவது வைக்கணும் என்று தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன், உங்க பொண்ணு எங்கிட்ட இதைத்தானே பண்றா, ரெண்டு நிமிஷம் பேசறா, எங்கேயோ தூரத்துல நிக்கறா, நடுவுல உங்களை வச்சிருக்கா என்று. சிரிக்கச் சிரிக்க அவருக்கு இருமல் வந்துவிட்டது. இப்போது நடுவில் அவர் இல்லை, நீயும் நானும் நேருக்கு நேர் நிற்கிறோம், இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அப்பாவுக்காக நீ ஓடி வந்த அன்று உன் முடி கழுத்தோடு நின்றது. வெயிலுக்காக வெட்டினேன் என்றாய். ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லித்தான் தெரிகிறது, உன் தலையில் உலையின் கதிர்வீச்சுத் தூசி ஒட்டிக்கொண்டதும், அவள் உன்னைக் குனிய வைத்து மூன்று தடவை அலசியும் மீட்டர் கத்துவது நிற்காமல் போனதும், அவளே கத்திரியை எடுத்து அந்த முடியை வெட்டினதும். உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க, அதுக்கப்புறம் சுத்தமாயிட்டா, நான் தலையிலருந்து கால் வரைக்கும் பார்த்தேன் என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். உன் பின்னலைத் தொட விடாமல் தோளைத் தட்டிவிடுவாயே என்னை. அவளுக்குக் குனிந்தாய். அன்றைக்கு அப்பா கூடத்தில் கிடக்க, நீ வீட்டுக்குப் பின்பக்கம் போய்ப் போனில் யாரிடமோ விம்மி விம்மி அழுததையும் நான் குளியலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். யார் என்று நீ சொல்ல வேண்டாம். என் முன்னால் உன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அப்பா முகத்தைத் தொடும் முன்னால் மட்டும் உன் இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டாய், உலைக்கு உள்ளே போய் வெளியே வரும்போது பார்க்கிற மாதிரி. உன் அத்தை அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் கை அந்த வேலைக்கு எவ்வளவு பழகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது அந்தப் பேட்ஜ், உன் மேல் படுகிற கதிர்வீச்சை அளக்க நீ நெஞ்சில் குத்திக்கொள்கிறாயே, அது. அதை வாசலில் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் யாரும் வெளியே வர வேண்டும் என்பது அங்கே சட்டமாம், நீ சேதி கேட்டதும் அப்படியே நெஞ்சில் குத்திக்கொண்டு வண்டி ஏறிவிட்டாய், போகும்போதும் மறந்துவிட்டாய். துவைக்க எடுத்த சட்டையில் இருந்தது. உடனே அனுப்பு அம்மா, எதுக்கும் பக்கத்துல வைக்காதே என்று நீ சொன்னது உண்மை. நான் உடனே அனுப்பாததும் உண்மை. என்ன பண்ணச் சொல்கிறாய், அது எத்தனை நாள் உன் நெஞ்சில் கிடந்த பொருள், உன் உடம்பு வாங்குகிற கதிர்வீச்சு அவ்வளவும் அதற்குத் தெரியும், பெற்ற எனக்குத் தெரியாதது இந்தத் துண்டுக்குத் தெரிகிறது. அதைச் சட்டைக்குள் குத்திக்கொண்டேன். அதைக் குத்திக்கொண்டே தூங்கினேன். தபாலில் போட்டபோது மனசே இல்லை.

இடையில் ஒரு நாள் மார்பு அடைத்துக்கொண்டு வந்தது. தையல்காரிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே கையில் ஊசி போட்டு, மருந்து இதயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பெரிய இயந்திரத்தில் படம் எடுத்தார்கள். ஒரு குழாயில் கொஞ்சம் அடைப்பு, மாத்திரையே போதும், கனமான வேலை வேண்டாம் என்றார் டாக்டர். அதனால்தான் மடிக்கிற மேஜை. உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே, அப்பா போன சேதிக்கு ஓடி வந்தவளை மறுபடியும் ஓட வைக்க வேண்டாம் என்று இருந்தேன். மருந்து போட்ட பெண் இன்னிக்குச் சின்னக் குழந்தைங்களைத் தூக்காதீங்கம்மா, மருந்து உடம்பை விட்டுப் போக நேரம் ஆகும் என்றாள். என் வீட்டில் எந்தக் குழந்தை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். உன் பேட்ஜ் சட்டைக்குள் இருந்தது. அந்த மருந்திலும் கதிர்வீச்சு இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்.

மிச்சத்தை நீயே கணக்குப் போட்டிருப்பாய். அங்கே பேட்ஜை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் நீ உள்ளே வாங்காத அளவு அதில் ஏறியிருந்ததாம், தபாலில் எக்ஸ்ரே பட்டிருக்கும் என்று முதலில் நினைத்தார்களாம், அதற்கு அவ்வளவு ஏறாதாம். உன்னை உள்ளே விடாமல் கையுறை எண்ணுகிற அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். அவள் என்னிடம் கேட்டாள், அது உங்ககிட்ட இருந்தப்ப எங்கயாவது ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா என்று. ஆமாம் என்றேன். பிறகு பேட்ஜைக் கேட்காமல் என் நெஞ்சு வலியைக் கேட்டாள். மாத்திரை போடறீங்களா, மாடி ஏறினா மூச்சு வாங்குதா என்று. அப்புறம் சொன்னாள், இந்த ஸ்கேன் விஷயத்தை அவகிட்ட நான் சொல்லமாட்டேன், அது அம்மா வாயால கேக்க வேண்டியது. ஆனா நீங்க நடந்ததை எழுதிக் குடுத்தாத்தான் அந்த அளவை அவ பேர்லருந்து எடுப்பாங்க. இல்லைன்னா இந்த வருஷம் முழுக்க அவளை உள்ள விட முடியாது, உள்ள போக முடியாதவளைக் கான்ட்ராக்டர் வச்சிருக்கமாட்டார், வீட்டுக்குத்தான் வருவா. எது வேணும்னு நீங்க யோசிங்க என்றாள்.

யோசித்தேன். நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, சும்மா இருந்தால் போதும், நீ வந்துவிடுவாய். உன் துணி என் கொடியில் காயும், அவள் அங்கே வேறு யாருக்காவது டேப்பைப் பிரிக்கட்டும். தையல்காரி, வாயை மூடிக்கிட்டு இருடி, பெத்த பொண்ணு வீடு வந்து சேருதுன்னா கசக்குதா என்றாள். கசக்கவில்லை. உன் படுக்கைக்கு விரிப்புகூட மாற்றிவிட்டேன். உன் பெரியம்மா மட்டும் அந்த ஆஸ்பத்திரி விஷயத்தை உன்னிடம் போட்டு உடைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருப்பேன். அவள் சொல்லாமல் எனக்கென்று எடுத்து வைத்தாள் பார், அதுதான் என்னை உட்கார விடவில்லை.

முந்தாநாள் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிர் மேஜையில் புதிதாக வந்த பெண் என் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக் காலரைத் தப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பிடுங்க வேண்டும் என்று கை பரபரத்தது. நீ அந்த அறையில் கையுறையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்போது கண்ணுக்கு முன்னால் வந்தது. உன் மீட்டரை எவளோ பிடித்திருப்பாள், தப்பாகக் கூடப் பிடித்திருப்பாள். இருந்தாலும் அதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை, அவ்வளவு நல்லவள் இல்லை உன் அம்மா. அந்தப் பேட்ஜில் ஏறி இருப்பது என் நெஞ்சில் இருந்து வந்தது. அப்பா போன பிறகு அடைத்துக்கொண்ட நெஞ்சு அது. அதைக் கொண்டுபோய் உலையில் வாங்கியது என்று உன் பேரில் எழுதி வைக்க நான் விடமாட்டேன். அது என்னுடையது, என் பேரில் போடச் சொல். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளின் நகலும், நடந்ததை நான் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் இதோடு இருக்கின்றன, அவளிடம் கொடு. எழுத்துப் பிழை இருந்தால் அவள் திருத்த வேண்டாம், நீ திருத்து.

நீ நல்ல உடம்போடு, நல்ல பேரோடு நீண்ட காலம் இருக்க வேண்டும் கண்ணு. உள்ளே போனால் கொஞ்ச நேரம் நில், தள்ளி நில், நடுவில் கனமாக எதையாவது வை. என்னிடம் மட்டும் அப்படி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயாக வைக்கும் வரை நான் போனை வைக்கமாட்டேன். மாத்திரை தவறாமல் போடுகிறேன். நாளைக்கு எனக்கே ஏதாவது ஆகி நீ ஓடி வர வேண்டியிருந்தாலும் அந்தப் பேட்ஜைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் வர வேண்டும், நான் காத்திருப்பேன். அவளுக்கு என்ன வயசு என்று கேட்டு எழுது. என்னைவிட மூத்தவள் என்றால் நானும் அக்கா என்றே கூப்பிட்டுவிடுகிறேன், இளையவளாக இருந்தால் நீ இனிமேல் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும். லீவு கிடைக்கும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா, இடம் இருக்கிறது. ஆனால் உன் தலையை நான்தான் சீவுவேன், அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா