எந்தப் பக்கம் உட்காருவது

அன்பு மகனே,

இன்று காபிக்கடையில், இந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்து லீக்கில் நம் கல்லூரி என்ன ஆகும் என்று பேச்சு.

"நாலாவது வந்தாலே பெருசு," என்றார் வெர்லின்.

"பந்தை எறியத் தெரிஞ்ச ஒரே ஒருத்தனும் மிஸிஸிப்பி ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காலேஜுக்குப் போயிட்டானே," என்ற ஆர்வில், என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெர்லின் விடவில்லை. "உம் பையன் காலேஜ் இங்க ஆட வர்ற அன்னைக்கு நீ எந்தப் பக்கம்பா உக்காருவே?"

நம் மைதானத்தில் வெளியூர்க்காரர்கள் உட்காரும் பக்கம் மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நம்மூர்க்காரர் யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை. நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

புதிய பயிற்சியாளர் உன்னைத் தூரமாக எறிய விடுகிறாரா? அறிய ஆசை. அங்குள்ள பெற்றோர் என்ன நிறத் தொப்பி போடுவார்கள் என்றும் எழுது. விளிம்பு அகலமாக ஒன்று வாங்க வேண்டும்.

உன் அப்பா