நாற்பத்தோராயிரம் மைல்

ஜூன் 6

டுலூத்தில் இந்த வாரம் இரண்டு காடிலாக், ஒரு இம்பீரியல். மூன்றிலும் துருவுக்கு மேல் பட்டி பூசிவிட்டு, "கம்பெனிலேர்ந்து வந்தபடியே இருக்கு" என்றார்கள். இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கிழவர்களின் பழைய கார்களுக்கு மதிப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான் — பொய்யைப் பிடிக்கிற நிமிடம்.

ஜூன் 8

சுப்பீரியர் ஊரில் ஆர்விட் தோர்சன் வீடு. காப்பீட்டுக்கு மதிப்பு வேண்டுமாம். எழுபத்தெட்டாம் வருட லிங்கன் கான்டினென்டல், கரும்பச்சை. புதிதாக வாங்கி அவரே வைத்திருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன், அழகு. அதன் நீளத்துக்காகக் கராஜின் பின்சுவரையே இடித்து நீட்டியிருக்கிறார். மனுஷனும் அதே அளவு. கதவில் குனிந்துதான் நுழைகிறார். தாதுக் கப்பலில் இன்ஜினியர். ஏரியில் பனி உடைந்ததும் ஏறினால், மறுபடி இறுகும்போதுதான் வீடு. ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது.

மைல்மானியில் நாற்பத்தோராயிரம்.

"கப்பல்லேர்ந்து வந்ததும் முதல்ல இவளைத்தான் பார்ப்பேன், தம்பி."

"அப்புறம்தான் என்னை," என்றார் அவர் மனைவி மிர்னா. ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தார். என் தோளுக்குக்கூட வரமாட்டார்.

வலது முன் மட்கார்டில் பெயின்ட் தடிமன் அதிகம். கேட்டேன். மறைக்கவில்லை. தொண்ணூறில் மகள் கேட்காமல் எடுத்துப்போய்க் கம்பத்தில் இடித்தாளாம். "சாவியை வெச்சிட்டு வெளியே போடின்னேன். போயிட்டா." அவ்வளவுதான். மிர்னா ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார்.

பெடல் ரப்பர் தேய்ந்து வழுவழு. வேகமானிக் கம்பியை மாட்டும் நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. பலமுறை கழற்றி மாட்டியது. கம்பியைக் கழற்றிவிட்டால் மைல் ஏறாது.

"இது ஒரு லட்சத்துக்கு மேல ஓடியிருக்கு," என்றேன்.

"என்னைப் பொய்யன்னு சொல்றியா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கார்பெட்டில் குதிகால் தேய்த்த குழி, பெடலை ஒட்டி. இருக்கை நகரும் தடம் முன்கோடியில் மட்டும் பளபளப்பு. டார்ச் அடித்துக் காட்டினேன், வாத்தியார் மாதிரி.

"நீங்க ஓட்டலை சார். உங்க கால் இங்கே மடங்கவே மடங்காது. ஓட்டினவங்க அஞ்சடிதான் இருப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கராஜில் ஐந்தடி உயரத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்தேன். ஆர்விட் எனக்கு முன்பே பார்த்துவிட்டார்.

"எங்கே போனே?"

"ஹோட்டன் ஊருக்கு. கரேனைப் பார்க்க. நீ கப்பல்ல இருக்கறப்பல்லாம்." நெருங்கி நின்று சொன்னார். "அவ நம்ம பொண்ணு, ஆர்விட்."

ஆர்விட் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள்ளே போனார். ரொட்டியை யாரும் தொடவில்லை.

"இருபது வருஷம் அந்த நட்டைக் கழட்டி மாட்டினேன். அவருக்குத் தெரியலை," என்றார் மிர்னா. "உனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு, இல்லே?"

ஜூன் 9

நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்ல. எல்லாமே சரி. பின்ன ஏன் சோறு இறங்கல?

ஜூன் 11

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஓட்டியவரின் உயரம் என்ன என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை. மைல் தப்பு என்பதோடு என் வேலை முடிந்தது. நானாகத்தான் மேலே போனேன். எதுக்கு? அந்தாள் குரலை உயர்த்தினார். ஜெயிக்கணும் எனக்கு. வேற ஒண்ணுமில்ல. சீ.

ஜூன் 13

போன் செய்தேன். மிர்னாதான் எடுத்தார்.

"பேச மாட்டேங்கறார். சாப்பிடறார், கராஜுல போய் உட்கார்ந்துக்கறார். அவர் வீட்டோட இருக்க ஆரம்பிச்சதுலேர்ந்து கரேன்கிட்ட திருட்டுத்தனமா போன்ல பேசறதுதான். இப்ப அதுக்கும் பயமா இருக்கு."

"மன்னிச்சிடுங்க."

"அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, தம்பி?"

 

ஜூன் 17

அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை.

ஜூன் 24

ஆர்விட் கூப்பிட்டார். "நாளைக்கு வா. மைல் மாறிடுச்சு." போனை வைத்துவிட்டார்.



ஜூன் 25

வணக்கம் இல்லை, காப்பி இல்லை. சாவியை நீட்டினார். உள்ளே ஏறினேன், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை முன்கோடிக்குத் தள்ளியிருந்தது. பக்கத்து இருக்கை பின்னால் கடைசி வரை. அதன் காலடியில் பெரிய பூட்ஸ் தடம், ஈரமண்.

நட்டு புதிது. இறுக்கமாக முடுக்கியிருந்தது. மைல்மானியில் நானூற்று முப்பது கூடியிருந்தது. ஹோட்டன் போய்வர அவ்வளவுதான்.

"எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேன் சார்."

"வேற ஏதாச்சும் கண்டுபிடிச்சியா?"

சமையலறை ஜன்னலில் மிர்னா நின்றிருந்தார். யாருடனோ போனில் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லை சார். வண்டி நல்லா இருக்கு."

இருக்கையைப் பின்னுக்குத் தள்ளாமல், உடம்பை மடக்கி, முழங்கால் இடிக்க இடிக்க இறங்கினேன்.